நூற்றுக்கு நால்வர்

ஒரு நிகழ்ச்சி நடைபெறுவதற்குரிய வாய்ப்பை எண்ணால் அளந்து கூறுவதே நிகழ்தகவு எனப் புள்ளியியலின் முதற்பாடத்திலேயே படிக்கிறோம். ஆயினும் அவ்வெண் யாரைக் குறித்தது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. கேளாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் பெயர்பெற்ற கல்லூரிகளில் நடைபெறும் மாணவர் சேர்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

அங்கே உயர்நிலைப்பள்ளியின் இறுதி வகுப்பான பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மாணவர் பலர் சனவரித் தொடக்கத்திற்குள் விண்ணப்பங்களை அனுப்பிவிடுகின்றனர். மார்ச்சுத் திங்களின் இறுதியில் முடிவு தெரிகிறது. ஹார்வர்டு கல்லூரியில் 2021ஆம் ஆண்டு சேர்வதற்கு விண்ணப்பித்தோர் 57,435 பேர். இடம் அளிக்கப்பெற்றோர் 1,968 பேர். வகுத்துப் பார்த்தால் 3.4 விழுக்காடு. அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் இந்த எண் நூற்றுக்கு நான்கை ஒட்டியே இருந்திருக்கிறது. இதைப் படிக்கும் பதினேழு வயது மாணவன், "எனக்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு நான்கு" என்று முடிவு கட்டிக்கொள்கிறான். ஒருவன் மனம் உடைந்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறான். மற்றொருவன் இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுகிறான். இருவரும் ஒரே எண்ணைத்தான் நம்பினர்.

மதிப்பெண் போதாதா?

தரவரிசைப் பட்டியலில் மேலிருந்து கீழாக இடம் ஒதுக்கும் முறைக்குப் பழகிய நமக்கு இக்கேள்வி எழுவது இயற்கை. 2015இல் ஹார்வர்டில் சேர விண்ணப்பித்த அமெரிக்க மாணவருள், எஸ்.ஏ.டி. தேர்வின் மொழிப்பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர் மட்டும் ஏறத்தாழ 2,700 பேர். கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர் மூவாயிரத்துக்கும் மேல். பள்ளிப் பாடங்கள் அனைத்திலும் முதல்தரம் பெற்றவர் 8,000க்கும் மேல். கல்லூரி இடமளித்ததோ எல்லா நாட்டினரையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 பேருக்கு. முழு மதிப்பெண் என்பது அங்கே வாயிலருகே நிற்க உதவுமே தவிர வாயிலைத் திறந்துவிடாது. இக்கணக்குகள் வெளியே தெரிந்ததற்குக் காரணம் ஒரு வழக்கு. 2014இல் தொடுக்கப்பட்டு, 2018இல் பாஸ்டனில் விசாரிக்கப்பட்டு, 2023 சூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த அவ்வழக்கில்தான், சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

மதிப்பெண்ணோடு கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, இசை, குணநலன் ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடுவது அக்கல்லூரிகளின் முறை. கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும் இம்முறையின் பிறப்பு அத்துணை நேர்த்தியானதன்று. 1922ஆம் ஆண்டளவில் ஹார்வர்டில் புதிதாகச் சேர்ந்தோருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். தேர்வில் நன்கு எழுதி வந்தவர்கள் அவர்கள். அப்போதைய தலைவர் லோவெல் அவர்களுக்கு ஒரு வரம்பு கட்ட முயன்றார். வெளிப்படையான வரம்பு ஏற்கப்படாமற்போகவே, 1926இல் குணநலனுக்கும் ஆளுமைக்கும் முதன்மை தரும் விதிகள் வந்தன. விண்ணப்பத்துடன் நிழற்படமும் கேட்கப்பட்டது. யூத மாணவரின் பங்கு பெரிதும் குறைந்தது. வரம்பு என்ற சொல்லே இல்லாமல் வரம்பு நடைமுறைக்கு வந்துவிட்டது! இன்று அதே முறை ஏழை மாணவனின் சூழ்நிலையை அறிந்துகொள்ளவும் பயன்படுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சராசரி யாருடையது?

இனி ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு கல்லூரிக்கு 10,000 பேர் விண்ணப்பிக்கின்றனர். 500 பேருக்கு இடம் உண்டு. வாய்ப்பு 5 விழுக்காடு. விண்ணப்பித்தோருள் 500 பேர் கல்லூரிக்குத் தனி நாட்டமுள்ள பிரிவினர். அவர்களில் 200 பேருக்கு இடம் கிடைக்கிறது. அவர்கள் வாய்ப்பு 40 விழுக்காடு. எஞ்சிய 9,500 பேருக்கு 300 இடங்கள். இவர்களில் நல்ல தகுதியுடையோர் 4,500 பேர். அவர்கள் 270 இடங்களைப் பெற்றால் வாய்ப்பு 6 விழுக்காடு. மீதி 5,000 பேருக்கு 30 இடங்கள்; வாய்ப்பு 0.6 விழுக்காடு. நாற்பது உண்டு, ஆறு உண்டு, அரையை ஒட்டிய எண்ணும் உண்டு. கல்லூரி அறிவித்த ஐந்து மட்டும் எவருக்கும் உரியதாக இல்லை.

உண்மை நிலவரம் இக்கற்பனையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. மேற்சொன்ன வழக்கில் ஆராயப்பட்ட ஆறு ஆண்டுகளில், ஹார்வர்டின் பழைய மாணவர்களுடைய பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. அப்படியல்லாதாருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கே கிடைத்தது. கல்லூரியின் பயிற்சியாளர்கள் தேடிப்பிடித்த விளையாட்டு வீரர்களுக்கோ நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்! செல்வமும் இதில் தன் பங்கைப் பெறுகிறது. செட்டி, டெமிங், ஃபிரீட்மன் என்னும் பொருளியலார் மூவர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்வி நிலையங்களையும் சிக்காகோ, டியூக், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டது. ஒத்த தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், மிகப்பெருஞ்செல்வரான முதல் ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கு மேலான அளவில் அவற்றில் சேர்கின்றனர் என அது காட்டியது.

விழுக்காடு குறைவதற்கும் கடுமை கூடுவதற்கும் எப்போதும் தொடர்பு உண்டு என எண்ணவும் வேண்டா. 2020இல் சேர்வதற்கு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர் 40,248 பேர். இடம் பெற்றோர் 1,980 பேர். மறு ஆண்டு, கொரோனாக் காலத்தில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கட்டாயமில்லை என்றதும் விண்ணப்பங்கள் 17,000க்கு மேல் கூடின. இடம் பெற்றோர் பன்னிருவர் மட்டுமே குறைந்தனர். 4.9 என்பது 3.4 ஆயிற்று. புதிதாக வந்தோருள் பலர், மதிப்பெண் கேட்கப்பட்டிருந்தால் விண்ணப்பித்தேயிராதவர்கள். ஆகவே வலுவான விண்ணப்பத்தை உடைய ஒருவனின் வாய்ப்பும் அதே அளவில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது எனக் கொள்வதற்கில்லை. பின்னத்தின் கீழெண் பெருத்தது; அவ்வளவே. ஹார்வர்டு 2024இல் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கேட்கத் தொடங்கியது.

பத்துக் கல்லூரிக் கணக்கு

வகுப்பில் படித்த பெருக்கல் தேற்றத்தைக் கொண்டு சிலர் ஒரு கணக்குப் போடுவதுண்டு. ஒரு கல்லூரியில் கிடைக்காமற்போகும் வாய்ப்பு 0.95. பத்துக் கல்லூரிகளிலும் கிடைக்காமற்போகும் வாய்ப்பு 0.95இன் பத்தாம் படி, அதாவது 0.60 அளவு. எனவே ஏதேனும் ஒன்றிலாவது இடம் கிடைக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு! பெருக்கலில் பிழையில்லை. தேற்றத்தின் நிபந்தனைதான் மறக்கப்பட்டது. நிகழ்ச்சிகள் சார்பிலாதவையாக இருந்தால் மட்டுமே அவ்வாறு பெருக்கலாம். பத்துக் கல்லூரிகளும் பார்ப்பது ஒரே மாணவனின் ஒரே மதிப்பெண்ணை, ஒரே ஆசிரியர் எழுதிய ஒரே கடிதத்தை. கடிதம் சப்பென்று இருந்தால் பத்து இடத்திலும் சப்பென்றே இருக்கும். முடிவுகள் யாவும் முற்றிலும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் பத்துக்கு விண்ணப்பித்தாலும் வாய்ப்பு அதே ஐந்துதான். நடைமுறையில் ஒரு கல்லூரியின் இசைக்குழுவுக்கு அவ்வாண்டு குழலிசைப்பவன் தேவைப்படலாம், மற்றொன்றுக்குத் தேவைப்படாமற் போகலாம். ஆதலால் உண்மையான எண் ஐந்துக்கும் நாற்பதுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. எங்கே என்பது விண்ணப்பத்தின் வலிமையைப் பொறுத்தது.

நம் நாட்டிலிருந்து விண்ணப்பிப்போர் இன்னொன்றும் அறிய வேண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டுமே, வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்பதை இடமளிக்கும்போது கருத்திற் கொள்வதில்லை. வேறு பலவற்றில் பணம் இல்லாமையே வாய்ப்பைக் குறைக்கும்.

இவ்வளவு போட்டிக்குப் பின் கிடைப்பது என்ன? 1976இல் கல்லூரி புகுந்த மாணவரைப் பின்தொடர்ந்து டேல், குரூகர் என்னும் இருவர் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பெருங்கல்லூரியில் இடம் கிடைத்தும் அதைவிட எளிய கல்லூரியில் சேர்ந்தவர்கள், பின்னாளில் பெருங்கல்லூரியிற் படித்தவர்க்குச் சமமாகவே பொருளீட்டினர். எளிய குடும்பத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குப் பெருங்கல்லூரியிற் படித்ததால் வருமானம் கூடியிருந்தது.