எலி நடந்தால் மட்டும் போதுமா?

தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை தேடும் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) முதலில் பழக வேண்டியது எலியின் சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்திக் காலி செய்வது. தண்டுவடம் நசுங்கிய எலிக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது. ஞாயிறு, பண்டிகை பாராமல் காலையும் மாலையும் இதைச் செய்தாக வேண்டும். தவறினால் கிருமித்தொற்று வரும். தொற்று வந்த எலி சோர்ந்துபோய் நடக்காது. கடைசியில் அது செல்லின் தோல்வியாகக் கணக்கில் ஏறிவிடும். இந்த வேலையை இளையவர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறவரின் தரவை என்னால் நம்ப முடிந்ததில்லை.

அடுத்தது மதிப்பெண் போடும் வேலை. பாசோ, பீட்டி, பிரெஸ்னஹன் மூவரும் 1995-இல் வெளியிட்ட அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எலியை நான்கு நிமிடம் திறந்த வெளியில் நடக்கவிட்டு, பின்னங்கால் அசைவுக்கு 0 முதல் 21 வரை மதிப்பெண் தருவார்கள். இருவர் பார்க்க வேண்டும். எந்த எலிக்குச் செல் போட்டது என்பது இருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் கண் தாராளமாகிவிடும். ஆகவே குறியீட்டுப் பட்டியலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

சரி, எலி நடந்துவிட்டது. நடக்க வைத்தது செல்தானா? முழுதாக அறுபடாத தண்டுவடம் என்றால், எதுவும் செய்யாமலே எலி ஓரளவு தேறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் பிரயன் கம்மிங்ஸ், அய்லீன் ஆண்டர்சன் குழுவினர் 2005-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மனித நரம்பு ஸ்டெம் செல்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவை தேறிய பிறகு டிப்தீரியா நச்சைக் கொடுத்தார்கள். அந்த நச்சு மனிதச் செல்லைக் கொல்லும். சுண்டெலியின் செல்லை அவ்வளவாகத் தீண்டாது. மனிதச் செல்கள் அழிந்ததும் கிடைத்த முன்னேற்றமும் போய்விட்டது. தனக்கு வந்த நல்ல முடிவைத் தானே குலைத்துப் பார்ப்பது எளிதல்ல.

அதே குழு பின்னர் இன்னொரு கசப்பான வேலையும் செய்தது. நோயாளிகளுக்கென்று ஒரு நிறுவனம் தயாரித்த செல்களைச் சுண்டெலிகளில் சோதித்தபோது பலன் இல்லை. ஆய்வுக்கென வளர்த்த செல்கள் வேலை செய்தன, மருத்துவத்துக்கென வளர்த்தவை செய்யவில்லை. அந்த நிறுவனம் கழுத்துத் தண்டுவடக் காயத்துக்காக நடத்திய மருத்துவ ஆய்வு 2016-இல் நிறுத்தப்பட்டது. குழு தன் முடிவை 2017-இல் வெளியிட்டது. தோல்வியை எழுதினால் வேலை கிடைக்காது என்று பயப்படும் போஸ்ட்டாக் இந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கலாம். கையில் இருக்கும் செல் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்று நோட்டில் எழுதும் பழக்கமும் அப்போதுதான் வரும்.

காலமும் முக்கியம். அர்வைனிலேயே ஹான்ஸ் கீர்ஸ்டெட் குழு 2005-இல் செய்த ஆய்வில், காயம் பட்ட 7-ஆம் நாள் செலுத்திய செல் பலன் தந்தது. 10 மாதம் கழித்துச் செலுத்தியது தரவில்லை.

ஜப்பானின் கீயோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ, மசாயா நாகமுரா குழு இதனால்தான் காயம் பட்டு 14 முதல் 28 நாட்களுக்குள் வந்தவர்களை மட்டும் சேர்த்தது. 2021 டிசம்பரில் முதல் நோயாளிக்கு ஐபிஎஸ் செல்லிலிருந்து (முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) வளர்த்த சுமார் 20 லட்சம் செல்களைச் செலுத்தினார்கள். நால்வரில் இருவருக்கு அசைவு கூடியது, ஒருவர் துணையின்றி நிற்கிறார் என்று 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் செல் போடாத நோயாளிகள் இந்த ஆய்வில் இல்லை. எலியிடம் கேட்ட கேள்வி இங்கேயும் மிச்சம்.

இந்தத் துறையில் இருப்பவருக்கு ஊரிலிருந்து தொலைபேசி வரும். “தம்பி, பையன் பைக்கிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?” இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுக்கு வெளியே எல்லாமே இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கின்றன, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே தரலாம். யாராவது ஊசி போடுகிறேன் என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவெண்ணைக் கேளுங்கள். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கும் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் செலவிடுங்கள்.