குழந்தைக்கு ஒட்டுப்போர்வை: தைக்கும் முன் அறிய வேண்டியவை

பேரக்குழந்தை பிறந்த செய்தி கிடைத்ததும் பல வீடுகளில் அம்மாயியின் கை முதலில் தேடுவது பெட்டியிலுள்ள பழைய நூல் புடவையைத்தான். பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்து மென்மையுற்ற அத்துணி தூளியாகும். அடுக்கித் தைத்தால் விரிப்பாகும், போர்வையாகும். கடையில் வாங்கும் எப்பொருளுக்கும் இல்லாத மென்மையும் உறவும் அதற்கு உண்டு.

எனினும், பெறுகிறவரின் நிலையறிந்து கொடுப்பதே நல்ல பரிசு. இங்கே பெறுவது தன் முகத்தின்மீது விழுந்த துணியைத் தானே விலக்க இயலாத சிறு குழந்தையாகவும் இருக்கலாம். ஆகவே போர்வை தைக்கும் முறையையும், அது குழந்தைக்குத் தீங்கு செய்யாதவாறு காக்கும் வழிகளையும் இப்பாடத்தில் ஒருங்கே காண்போம்.

நம் ஊர்த் துணியும் பிற ஊர் மரபும்

சேலம், நாமக்கல் சமவெளி தறியோசை கேட்டு வளர்ந்த பகுதி. இளம்பிள்ளையில் புடவையும், குமாரபாளையம், பள்ளிபாளையம் ஊர்களின் விசைத்தறிகளில் லுங்கியும் துண்டும் நெய்யப்படுகின்றன. எனவே ஒட்டுப்போர்வைக்கு வேண்டிய துண்டுத்துணி நமக்கு அரிய பொருளன்று.

வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டித் தைக்கும் போர்வையைக் ‘காந்தா’ என்பர். நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், பழந்துணித் துண்டுகளை ஒட்டிக் ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். மூலைகளில் பூப்போல் மடித்த துணி வைத்த பின்னரே அவர்கள் அதனை முற்றுப்பெற்றதாகக் கருதுவர். இவ்விரு மரபுகளும் பழந்துணியும் ஊசி நூலும் கொண்டே அமைந்தவை. வெப்பம் மிகுந்த நம் பகுதிக்கும் உள்ளே பஞ்சு திணிக்காத அம்முறையே ஏற்றது.

வயதறிந்து கொடுத்தல்

*ஓராண்டு நிறையாத குழந்தை:* உறங்கும்போது போர்த்தலாகாது. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மென்பொம்மை எதுவும் இருத்தல் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தன் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வலியுறுத்துகிறது. துணி முகத்தை மூடினால் மூச்சுத் தடைப்படலாம். உடல் அளவுக்கு மீறி வெப்பமடைவதும் ஆபத்தானது. இக்காரணங்களால் தூளிக்குள்ளும் போர்வையை அடுக்க வேண்டாம். குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்த நிலையில் உறங்கச் செய்க. குளிராயின் உடலோடு பொருந்திய சட்டை ஒன்றைக் கூடுதலாக அணிவிக்கலாம்.

அவ்வாறாயின் போர்வை பயன்படாதோ எனின், பயன்படும். குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, அதன்மேல் குப்புறப் படுத்து விளையாடச் செய்யலாம்.

*ஓராண்டு நிறைந்த பின்:* மெல்லிய போர்வையை மார்பளவுக்குப் போர்த்தலாம். தலையை மூடலாகாது.

*எடை குறைந்தோ, குறைமாதத்திலோ பிறந்த குழந்தை:* இதற்கு வேண்டிய வெப்பத்தைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்தணைக்கும் முறையே சிறப்பாகத் தரும். போர்வை பிற்காலத்துக்கென இருக்கட்டும்.

துணியைத் தேர்தல்

முழுப் பருத்தித் துணியே வேண்டும். ஐயமிருப்பின், குழந்தைகள் இல்லாத இடத்தில் ஓர் இழையை உருவித் தட்டின்மேல் எரித்துப் பாருங்கள். பருத்தியிழை காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பட்டும் சரிகையும் குழந்தைக்கு ஏற்றவையல்ல.

தறியிலிருந்து வந்த புதுத்துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சியும், ஒட்டாத சாயமும் தங்கியிருக்கலாம். தைக்குமுன் இருமுறை துவைத்தால் அவை நீங்கும். சுருங்க வேண்டியதும் முன்னரே சுருங்கிவிடும்.

அந்துருண்டையைக் குறித்துத் தனியே எச்சரிக்க விரும்புகிறோம். பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த புடவை பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகக்கூடும். நாஃப்தலீன் ஆவி, ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். இக்குறைபாடு குழந்தைக்கு உண்டா என்பது பெரும்பாலும் முன்னரே தெரிவதில்லை. ஆதலின் அத்தகைய துணியைப் பச்சிளங்குழந்தைக்கு அறவே தவிர்த்திடுக. குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாதல், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் கருத்துப் போதல் ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டு வருக.

தைக்கும் முறை

ஐந்தரை மீட்டர் நூல் புடவை ஒன்றிலிருந்து ஒரே வகையான இரு போர்வைகள் தைக்கலாம். இரண்டு ஏன் என்பதைப் பின்னர் விளக்குவோம்.

1. புடவையின் கரையை நீக்கி, ஒரு மீட்டர் நீளமுள்ள ஐந்து துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொரு போர்வைக்கும் இரு துண்டுகள். ஐந்தாவது, விளிம்பு கட்டுவதற்கு.
2. மேல்முகத்துக்கு, துவைத்த பிற துணிகளிலிருந்து 22 சென்டிமீட்டர் சதுரங்கள் 25 வெட்டுக. ஓரங்களில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, வரிசைக்கு ஐந்தாக இணைத்தால் ஒரு மீட்டர் சதுரம் கிடைக்கும்.
3. இரு புடவைத் துண்டுகளின்மேல் இம்முகத்தை விரித்துச் சுருக்கமின்றி நீவி, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிணைத்திடுக.
4. பருத்தி நூலால் ஓட்டுத்தையல் இடுக. சித்திப் பெண்கள் விளிம்பிலிருந்து தொடங்குவர். புதிதாகத் தைப்போர் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்வது எளிது. தையல் அரை சென்டிமீட்டருக்கு மிகாமலும், வரிகளுக்கிடையே நான்கு சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்கட்டும்.
5. முடிச்சுகளை அடுக்குகளுக்கிடையே மறைத்திடுக. தொங்கும் ஓர் இழை குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே தடைப்படும்.
6. எட்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளால் விளிம்பை மடித்துக் கட்டித் தற்காலிகத் தையலைப் பிரித்திடுக.

பொத்தான், பாசிமணி, சமிக்கி, குஞ்சம், நாடா ஆகியவை வேண்டாம். அழகு துணியின் நிறத்திலும் தையலின் ஒழுங்கிலும் அமையட்டும். தொடங்குமுன் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்க. முடித்தபின் மீண்டும் எண்ணுக. ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை போர்வையைக் கொடுக்கலாகாது. நோயுற்ற குழந்தையின் கட்டிலில் அமர்ந்து தைப்பதையும் தவிர்த்திடுக.

மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு

பழகிய ஒரு துணியையோ பொம்மையையோ சிறு குழந்தை விடாது பற்றிக்கொள்வதை, பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தார். தாய் அருகில் இல்லாத பொழுதில் அப்பொருள் குழந்தைக்கு ஆறுதலாகிறது என்பது அவர் கருத்து. ஊசியும் கருவிகளும் அறியாத முகங்களும் சூழ்ந்த இடத்தில் அவ்வாறுதல் சிறிதன்று. நோயுற்ற குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளை வழங்கும் ‘புராஜெக்ட் லைனஸ்’ என்னும் தொண்டு அமைப்பு அமெரிக்காவில் 1995இல் தோன்றியதும் இத்தகைய தேவையை உணர்ந்தேயாகும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. துணியின் பழகிய மணமே குழந்தைக்கு ஆறுதல். துவைத்தால் அது மாறிவிடும் என்பதை வினிகாட்டும் சுட்டியுள்ளார். மருத்துவமனையிலோ துவைக்காத துணி கிருமிக்கு இடமாகும். இதனாலேயே ஒரே புடவையில் இரு போர்வைகள் தைக்கச் சொன்னோம். முதல் நாளிலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒன்று துவைக்கப்படும்போது மற்றொன்று குழந்தையிடம் இருக்கும். இரண்டும் அதற்குப் பழகியவையாகிவிடும். போர்வைகளை வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் முழுதும் உலர்த்துக.

போர்வையைக் கொண்டு வருமுன் பிரிவுச் செவிலியரிடம் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், இரத்த அணுக்கள் குறைந்த குழந்தைகளிடத்தும், தீக்காயமுற்றோரிடத்தும் விதிகள் வேறாக இருக்கும். குளுக்கோஸ் ஏறும் கையைப் போர்வையால் மூடிவிடாதீர்கள். வீக்கம் தோன்றினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழந்தையின் பெயரை ஒரு மூலையில் நூலால் தைத்துவிட்டால் துவைக்கும் இடத்தில் மாறிப்போகாது.

கொடுக்குமுன் வினவுக

முழுப் பருத்தியா? அந்துருண்டை படாததா? துவைத்து உலர்ந்ததா? தளர்ந்த இழையோ பொத்தானோ உண்டா? ஊசிகளின் எண்ணிக்கை சரியா? குழந்தையின் வயதுக்குரிய பயன்பாட்டைப் பெற்றோரிடம் சொன்னோமா?

இறுதி வினாவை மறவாதீர்கள். போர்வையைக் கையில் கொடுக்கும்போதே, ‘ஒரு வயது ஆகும்வரை தரையில் விரித்து விளையாட மட்டும், தூங்கும்போது போர்த்த வேண்டாம்’ என்று தாயிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அச்சொல்லும் பரிசின் ஒரு பகுதியே.