விழும் முன்பே இடம் சொல்லும் கருவி

மாணவர்களே, 2024 பிப்ரவரி 13ஆம் தேதி சுபாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு விமானம், சிலாங்கூர் காப்பாரில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் விழுந்தது. அதில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். கோல சிலாங்கூர் வரை இப்படிப்பட்ட தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. யார் கண்ணிலும் படாமல் ஒரு விமானம் அங்கே விழுந்தால், மீட்புக் குழு எங்கே தேடும்?

விமானத்தில் பொருத்தப்படும் அவசர இடங்காட்டி, மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து தானே இயங்கும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோஸ்பாஸ்-சார்சாட் துணைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை 2009 பிப்ரவரி 1 முதல் துணைக்கோள்கள் கண்காணிப்பதில்லை. ஆனால் ஏரியல் முறிந்தாலோ, கருவி மண்ணில் புதைந்தாலோ சமிக்ஞை துணைக்கோளை எட்டாமல் போகலாம்.

விமானி உடலில் அணியும் இடங்காட்டிக்குச் சந்தா இல்லை. ஆனால் அவர் நினைவோடு இருந்து, வானம் தெரியும் இடத்தில் அதை இயக்க வேண்டும்.

துணைக்கோள் செய்திக் கருவிக்குச் சந்தா உண்டு. எனினும் அது பறக்கும்போதே இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். மணிக்கு 180 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 3 கி.மீ. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால், கடைசிப் புள்ளியைச் சுற்றி 30 கி.மீ. ஆரத்தில் தேட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஆரம் 6 கி.மீ.தான். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தேடும் பரப்பு 25இல் ஒரு பங்காகக் குறையும்.

எனவே பொருத்திய இடங்காட்டியோடு செய்திக் கருவியும் இருப்பதே நல்லது. 406 கருவியை உரிமையாளர் பெயரில் பதிவு செய்வதும் அவசியம்.

பயிற்சி: இடைவெளி 5 நிமிடம் என்றால், தேடும் பரப்பு என்ன பங்காகும்?