நீர்ப்பறவை வேட்டையும் உடன் வரும் பிள்ளையும்

வேட்டை ஆகுமானது என்பதற்குத் திருமறையின் 5-ஆவது அத்தியாயம் 4-ஆவது வசனமே சான்று. ஆனால் காட்டு வாத்து, கிளுவை போன்ற நீர்ப்பறவைகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அடிபட்ட பறவை தண்ணீரில் விழுகிறது.

(இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வேட்டையைத் தடை செய்துள்ளன. நம்மூர் ஏரிக்குத் துப்பாக்கியுடன் போக இது அனுமதிச் சீட்டல்ல. பருவமும் உரிமமும் வகுத்துள்ள அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வாழும் நம்மவர்க்கே இம்மஸ்அலா தேவை.)

வேட்டை பற்றி வினவிய அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு, அம்பு பட்ட பிராணி நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ண வேண்டாம் என்றும், கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாதே என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். நீரிலேயே வாழும் பறவைக்கு இது எப்படிப் பொருந்தும்? ஹனஃபி நூல்களில், காயம் நீருக்குள் மூழ்கவில்லையென்றால் உண்ணலாம், மூழ்கினால் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில், நீர்மேல் இருந்த பறவை அடிபட்டு அங்கேயே இறந்தால் ஹலால். அதற்குத் தண்ணீரே தரை. வெளியே அடிபட்டு நீரில் விழுந்தால் இரு கருத்துகள் உண்டு.

இவையெல்லாம் கூரிய அம்பைப் பற்றியவை. துப்பாக்கி ரவை வெட்டுவதில்லை, மோதிச் சிதைக்கிறது என்பதால் இவ்விரு மத்ஹபுகளின் உலமாக்களில் பெரும்பாலோர், உயிருடன் பிடித்து அறுத்தாலன்றி அது ஆகாது என்கின்றனர். மாலிக்கி உலமாக்களில் சிலர் ஆகுமாக்கியுள்ளனர். பேணுதலான வழி, பிஸ்மி சொல்லிச் சுட்டு, உயிர் இருக்கும்போதே எடுத்து அறுப்பதுதான். கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர் கையில் பறவை துடித்து இறந்தால் அது செத்ததே!

பிள்ளையை அழைத்துப் போகலாமா? போகலாம். விபரம் தெரிந்த பிள்ளை அறுத்தாலும் அறுப்பு கூடும். எனினும் முதல் நாளே கத்தியைக் கொடுத்து வற்புறுத்த வேண்டாம். "வாப்பா, அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய் சொல்லித் தேற்றாதீர்கள்.

சும்மா இருக்கும் நேரத்தில் பிள்ளை கல்லெறியத் தொடங்கும். விரலிடுக்கில் கல் வைத்துச் சுண்டுவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்: அதனால் வேட்டையும் கிடைக்காது, பல் உடையும், கண் போகும். கோழியைக் கட்டிவைத்துக் குறி பார்த்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்த செய்தியையும் அப்போதே சொல்லலாம். உண்ணும் எண்ணமில்லாமல் குறி பழகுவதற்காக ஓர் உயிரைச் சுடுவது வேட்டையே அல்ல.

அசருக்கு முன் எழுந்து விடுங்கள். வேட்டையின் பின்னே அலைபவர் பராமுகமாகி விடுவார் என்று ஹதீஸில் எச்சரிக்கை உண்டு. வீட்டில் இறகு பிடுங்கும்போது சதைக்குள் ரவை இருக்கிறதா என விரலால் தடவிப் பார்த்த பிறகே பிள்ளைக்குப் பரிமாறுங்கள். ஈயம் நஞ்சு, அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டிருக்கிறது.