போர்டோ கலவையிலிருந்து சமன்பாடு வரை

பத்தாம் வகுப்பு வேதியியலில் பிள்ளைகள் அதிகம் தயங்குவது சமன்பாட்டைச் சமன் செய்யும்போதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான் அதைத் திராட்சைத் தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடிச்சாம்பல் நோயும் தெரியும், அதற்கு அடிக்கும் போர்டோ கலவையும் தெரியும்.

முதலில் வினையைச் சொல்லால் எழுதுங்கள். மயில்துத்தமாகிய காப்பர் சல்பேட்டும் நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து காப்பர் ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் தருகின்றன. பாடத்துக்கான எளிய வடிவம் இது. தொட்டியில் நடக்கும் வினை இன்னும் சிக்கலானது. சல்பேட் பிரியாமல் இடம் மாறுவதால் அதை ஒரே தொகுதியாக எண்ணலாம். ஹைட்ராக்சைடு இரு பக்கமும் இரண்டிரண்டு. எந்த எண்ணும் சேர்க்காமலே சமன்! எண் போட்டே ஆகவேண்டும் என்ற பதற்றம் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, கீழ்க்குறி எண்ணில் கை வைக்காதீர்கள். ஆக்சிஜன் போதவில்லை என்று நீரின் வாய்பாட்டில் இன்னொன்றைச் சேர்த்தால் அது நீரல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணை மட்டுமே நாம் மாற்றலாம்.

எரிதல் வினையில் கார்பன், ஹைட்ரஜன், கடைசியாக ஆக்சிஜன் என்ற வரிசை உதவும். சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். அதனால் 3 கார்பன் டை ஆக்சைடு, 4 நீர். வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 10. எனவே இடப்பக்கம் 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள். பியூட்டேனில் இதே வழியில் போனால் ஆக்சிஜன் ஆறரை என்று வரும். அழித்துவிட வேண்டாம், எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர்.

சமன்பாட்டின் எண் மூலக்கூறுக் கணக்கு, எடைக் கணக்கு அல்ல. ஒரு சதவீத போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் கலக்கிறோம். சமன்பாட்டின்படி 250 கிராம் மயில்துத்தத்துக்கு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கிலோவுக்குச் சுமார் 300 கிராமே போதும். வினையில் சேராத தாமிரம் இலையைக் கருக்கிவிடும் என்பதால்தான் சுண்ணாம்பு கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்ப்பதும் இதற்காகவே. கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அங்கே இரும்பு, தாமிரத்தை இடம்பெயர்த்திருக்கிறது. அந்த வினையையும் எழுதிப் பாருங்கள்.

வேதிவினையில் அணுக்கள் அழிவதுமில்லை, புதிதாகப் பிறப்பதுமில்லை. ஆகவே மாணவர்களே, விடை எழுதியதும் இருபக்கத்து அணுக்களையும் மறுபடி எண்ணுங்கள். எண்ணிச் சரிபார்த்த பிறகே அடுத்த கணக்குக்குப் போங்கள்.