மாத்திரை மேல் ஏன் இந்தப் பழி?

செமினிப் பக்கம் இனிப்பு நீர்ப் பேச்சு எழுந்தால் சீனிக்கு முன்னால் திட்டு வாங்குவது மாத்திரைதான். கல்யாண மண்டபத்தில் ஒருவர் மெட்ஃபார்மினை எடுத்து வாயில் போட்டால் போதும், பக்கத்து நாற்காலியிலிருந்து ஆலோசனை வந்துவிடும். அன்போடுதான் சொல்கிறார்கள். மறுத்துப் பேசச் சங்கடமாக இருப்பதும் அதனால்தான்.

ஆனால் மலேசிய இந்தியர்களின் நிலைமை சங்கடம் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பிரித்தால் சீனர்களில் 15, மலாய்க்காரர்களில் 22, இந்தியர்களில் 31 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6க்கு இறங்கியது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நோய் இருந்தவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயது வரையிலான நோயாளிகளில் 84 விழுக்காட்டினர் அப்படித் தெரியாமல் நடமாடியவர்கள்.

கீழே வருபவை செமினி, காஜாங், பெரானாங் வட்டாரத்தில் சகஜமாகக் காதில் விழுபவை. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் இதே பேச்சுத்தான். எல்லாம் வேறு வேறு நம்பிக்கைகள் போலத் தோன்றினாலும் செய்யும் வேலை ஒன்றே: சோதனையை, மாத்திரையை, ஊசியை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட ஒரு சாக்கு.

“மருந்து எடுத்தா கிட்னி போயிடும் லா, அண்ணே”

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைவீட்டு வரிசைகளில் டயாலிசிஸ் மையங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே படுத்திருப்பவர்களைக் கேட்டால் பலரும் பத்துப் பதினைந்து வருடம் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போய்விட்டது. ஆகவே மாத்திரைதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது.

நடப்பது வேறு. சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்ச் சுருள்கள் இருக்கின்றன. ரத்தத்தில் இனிப்பு வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்தச் சுருள்கள் தடித்து, புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும். அப்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது. கால் வீங்கும் நாளில் பெரும்பகுதி போயிருக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் மூலக் காரணம் இனிப்பு நீர். ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் இதைத் தடுக்க முடியுமா என்று பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகளை வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1998இல் வெளியானது. மாத்திரையாலும் இன்சுலினாலும் இனிப்பை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, கண்ணையும் கிட்னியையும் தாக்கும் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. கிட்னியைக் கெடுப்பதாகப் பழி சுமக்கும் அதே மாத்திரைகள் செய்த வேலை இது.

வதந்திக்கு ஒரு கால் முளைத்த இடமும் உண்டு. கிட்னி ஏற்கெனவே பலவீனமான பிறகு மெட்ஃபார்மினின் அளவை டாக்டர் குறைப்பார், ஒரு கட்டத்தில் நிறுத்தியும் விடுவார். பழுதான கிட்னியால் அந்த மருந்தை வெளியேற்ற முடியாது என்பதே காரணம். “டாக்டரே நிறுத்திட்டாரு, அப்ப அதுதானே கெடுத்துச்சு” என்று ஊர் அதைத் திருப்பிப் படித்துக்கொள்கிறது. மெட்ஃபார்மினுக்குப் பக்க விளைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றோட்டம் போகும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறையலாம். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்று. மெட்ஃபார்மினுக்குப் பயப்படும் அதே ஆள், முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கையும் மெஃபெனாமிக் ஆசிட்டையும் ஃபார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். இனிப்பு நீரால் களைத்த கிட்னியை உண்மையிலேயே கெடுக்கக்கூடியவை அவைதான். அதைப் பற்றி மண்டபத்தில் யாரும் எச்சரிப்பதில்லை.

“இயற்கை மருந்து, பக்க விளைவு இல்ல”

பாகற்காய், வெந்தயம், நிலவேம்பு, பூனைமீசை என்று பட்டியல் நீளம். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக அது நிற்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான்: ஐரோப்பாவில் கலேகா என்று அழைக்கப்படும் பூச்செடி. அதிலிருந்த பொருளை மாற்றியமைத்து, அளவு கண்டு, 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்தார். செடிக்கும் மருந்துக்கும் நடுவே நிற்பது அந்த அளவு.

பெயரில்லாப் புட்டியிலும் சந்தையில் விற்கும் கேப்சூலிலும் அந்த அளவு யாருக்கும் தெரியாது. மூட்டு வலிக்கென்று விற்கப்படும் சில ஜாமு தயாரிப்புகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். வலி மாயமாகப் போகும்; கூடவே இனிப்பு விர்ரென்று ஏறும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2008இல் சிங்கப்பூரில் இனிப்பு நீரே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏழு பேர் நினைவிழந்தனர், நான்கு பேர் இறந்தனர். ஆண்மைக்கென்று விற்ற கள்ள மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற இனிப்பு நீர் மருந்து கலந்திருந்தது.

“நான் ஒல்லி, எனக்கு எப்படி வரும்?”

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் அடுத்தடுத்து நின்றார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. தராசு இருவரையும் ஒல்லி என்றது. உள்ளே ஒருவர் மட்டும் ஒல்லி.

நம் உடம்பின் கணக்கு இதுதான். தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் மலேசிய மருத்துவ வழிகாட்டியில் அதிக எடை என்பது 25இல் தொடங்காமல் 23இலேயே தொடங்குகிறது. தராசைவிடத் தையல் டேப் நமக்கு உபயோகம்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ரத்தச் சோதனைக்குப் போக வேண்டும், கை கால் குச்சி போல இருந்தாலும்.

இதோடு ஒட்டி வருவது “தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு, அவருக்கு ஒண்ணும் வரலையே” என்ற வாதம். தாத்தா விடியுமுன் எழுந்து தோட்டத்தில் நூற்றுக்கணக்கான ரப்பர் மரம் சீவி, பால் வாளியைத் தூக்கி நடந்தவர். செமினிப் பக்கத் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. பேரன் காஜாங் நெரிசலில் காரோட்டிப் போய், உட்கார்ந்து வேலை பார்த்து, உட்கார்ந்தே திரும்புகிறான். தட்டில் சோறு மட்டும் தாத்தா அளவிலேயே இருக்கிறது. தாத்தாவுக்கு ஒன்றும் வரவில்லை என்பதும் அவ்வளவு உறுதியில்லை. தோட்டத்துக் காலத்தில் யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

“பரம்பரை நோய், எப்படியும் வரும்”

அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல் என்பது மெய். எப்படியும் வரும் என்பது பொய், அதைப் பொய்யாக்கிய ஆய்வு சென்னையில் நடந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளி ஆனார்கள். தினம் அரைமணி விறுவிறு நடை, சீனியும் மாவும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு என்று இருந்தவர்களில் அது 39 விழுக்காடு. பெரிதாக எடை குறையாமலே இது நடந்தது என்பதை அடிக்கோடிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே பலன். நடக்க மனமில்லாதவர் மாத்திரையையும் திட்டிக்கொண்டிருந்தால் மிச்சம் என்ன?

சாப்பாட்டு நம்பிக்கைகளை வேகமாகக் கடந்துவிடலாம். கருப்பட்டி, குலா மலாக்கா, தேன் எல்லாம் உடம்புக்குள் சீனிதான். நிறமும் மணமும் வேறு. மாமாக் கடையில் தே தாரேக்கை ‘குராங் மானிஸ்’ என்று கேட்டாலும் உள்ளே ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. டின் பானங்களுக்கு 2019 ஜூலையில் வந்த சீனி வரி 2025 முதல் லிட்டருக்கு 90 சென் ஆகியிருக்கிறது. கடைக்காரர் கையால் இழுத்துத் தரும் தே தாரேக்கை அது தொடாது. ‘தே ஓ கோசோங்’ என்று சொல்லப் பழகுவது நம் பொறுப்பு. இரவில் சோறு கூடாது என்று இரண்டு ரொட்டி சானாய் சாப்பிடுவது வேடிக்கை: மைதா, எண்ணெய், மேலே பருப்புக் குழம்பு. கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் இனிப்பு வேகமாகத்தான் ஏறும். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு-சுக்கு-செப்பாரோ’ தட்டு எளிது: காய்கறியும் பழமும் பாதி, மீனோ முட்டையோ பருப்போ கால், சோறு கால். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் இது முடியும். இரண்டாவது சோற்றுக்குக் கையை மறித்தால் போதும்.

“இன்சுலின் போட்டா கடைசி கட்டம்”

ஊசி தொடங்கிய பிறகு கண் போனவரையும் கால் எடுக்கப்பட்டவரையும் பார்த்து வந்த பயம் இது. இனிப்பு நீரில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வருடா வருடம் களைத்துப்போகும்; மாத்திரை போதாத நாள் பலருக்கு வரும். அந்த நாளில் ஊசியைத் தொடங்காமல் ஐந்து வருடம் இழுத்து, சேதம் முடிந்த பிறகு தொடங்கினால் பழி ஊசி மேல் விழத்தான் செய்யும். சிறு பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை வேறு சங்கதி. அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இன்சுலின்தான் உயிர். 1922இல் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்படும்வரை அந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊசியை நிறுத்தி இலைச்சாறு கொடுக்கச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

“கால்ல வலியே இல்ல, அப்ப நல்லாத்தான் இருக்கு”

வலி இல்லாததுதான் அபாயம். இனிப்பு நரம்பைக் கொன்ற காலுக்குச் சூடு தெரியாது, முள் தெரியாது. தைப்பூசத்தன்று பத்துமலையில் உச்சி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நிற்பவர்களையும் தீமிதியில் இறங்குபவர்களையும் நினைத்துப் பாருங்கள். நரம்பு நன்றாக இருப்பவர் சுட்டால் காலைத் தூக்குவார். மரத்துப்போன கால் அப்படியே நிற்கும். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், கடைசியில் விரலோ பாதமோ போகும். நேர்த்திக்கடனைக் குறை சொல்லவில்லை. இனிப்பு நீர் உள்ளவர் வேண்டுதலுக்கு முன் கிளினிக்கில் கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் முருகனுக்கு வேறு வழியில் கடன் தீர்க்கலாம்.

விரதமும் இப்படியே. ரமலானுக்கு முன் மலாய் நோயாளிகள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். நம்மில் பலர் வெள்ளிக்கிழமை விரதத்தையும் தைப்பூச விரதத்தையும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்வதே இல்லை. கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுப் பட்டினி இருந்தால் இனிப்பு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி வியர்த்து மயக்கம் வரும். சிலர் நேர்மாறாக எல்லா மாத்திரையையும் 48 நாள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம், கேட்டால் டாக்டர் சரிசெய்து தருவார்.

கர்ப்ப காலத்தில் இனிப்பு ஏறி, பிரசவத்தோடு இறங்கிவிட்ட பெண்களுக்கு ஒரு வார்த்தை. “பிள்ள பெத்ததும் போயிடுச்சு” என்று பத்தியச் சாப்பாட்டோடு அதை மறந்துவிடுகிறோம். அப்படி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே தாயும் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம்.

செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில், பதிவுபெற்ற தனியார் கிளினிக்குகளிலும் இலவசச் சோதனை உண்டு. வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது மூன்று மாதச் சராசரியில் 6.3 விழுக்காடு என்ற அளவை எட்டினால் அது இனிப்பு நீர். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் புரதம், கண், கால் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முப்பது வயதைத் தாண்டி இதுவரை ரத்தம் கொடுக்காதவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே கையோடு அழைத்துப் போங்கள்.