ஆய்வுலகில் சமத்துவமின்மை: மேற்கோள்கள் யாருக்குச் சேருகின்றன?

விஞ்ஞானி ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அத்துறையில் எழுதியோரின் கட்டுரைகளைச் சுட்டிக் காட்டுவார். இதுவே மேற்கோள் எனப்படும். மாணவர்களே, இலக்கியக் கட்டுரையில் நாம் எடுத்தாளும் செய்யுள் அடிகளுடன் இதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கு மேற்கோள்கள் எண்ணப்படுகின்றன. பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போது அந்த எண்ணிக்கையும் பார்க்கப்படுவதுண்டு. ஆகவே மேற்கோள் குறைந்தவர் இழப்பது புகழை மட்டுமன்று.

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்சன், அன்டர்சன் என்னும் இருவர், 118 துறைகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் தரவுகளை ஆராய்ந்து 2021 இல் முடிவுகளை வெளியிட்டனர். அதிக மேற்கோள் பெற்ற 1% ஆனோரிடம் 2000 ஆம் ஆண்டில் மொத்த மேற்கோள்களில் 14% இருந்தது. 2015 இல் அது 21% ஆயிற்று. இயற்கை விஞ்ஞானம், மருத்துவம், விவசாயம் ஆகிய மூன்றிலும் இடைவெளி கூடியுள்ளது.

ஒரு மண்டபத்தில் 100 விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், பங்கிட 100 மேற்கோள்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். ஒருவர் 21 ஐ எடுத்துக்கொண்டால் மற்ற 99 பேருக்கும் 79 தான் மிஞ்சும். ஆளுக்கு ஒன்றுகூட வராது. (அந்த 79 உம் சமமாகப் பிரிவதில்லை!)

இத்தகைய தரவு வினாவில் வந்தால் பலர் "7% அதிகரிப்பு" என எழுதிப் புள்ளியை இழப்பர். 7 என்பது இரு சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசம் மாத்திரமே. 7 என்பது 14 இன் அரைவாசி. எனவே அவர்களது பங்கு 50% ஆல் அதிகரித்துள்ளது. இதே காலத்தில் கினிக் குணகம் 0.65 இலிருந்து 0.70 ஆக உயர்ந்தது. எல்லோருக்கும் சமமாயின் இக்குணகம் 0, யாவும் ஒருவரிடமே எனின் 1. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் அதே அளவுகோல்தான் இது.

காரணம் என்ன? கூட்டாக எழுதும் வழக்கம் பெருகியமை ஒன்று. கூட்டாய்வு பெருகியபோது முன்னணியினரின் கட்டுரைகளும் பெருகின. சாதாரண ஆய்வாளரோ முன்னரைவிடச் சற்றுக் குறைவாகவே வெளியிடுகின்றனர். மற்றையது பழைய காரணம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மெர்ட்டன் 1968 இல் இதனை 'மத்தேயு விளைவு' என்றார். பெயர் மத்தேயு நற்செய்தி வசனம் ஒன்றிலிருந்து வந்தது. இருவர் சேர்ந்து செய்த வேலையிலும் ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே பாராட்டுச் சேரும் என்பது அவர் கருத்து. வேடிக்கை என்னவெனில், அக்கட்டுரைக்கு ஆதாரமான நொபெல் பரிசாளர் நேர்காணல்களைச் செய்தவர் ஹரியட் சுக்கர்மன் என்ற பெண் ஆய்வாளர். ஆனால் கட்டுரை மெர்ட்டனின் பெயரில் மட்டுமே வெளிவந்தது. அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் எனப் பின்னாளில் அவரே எழுதினார்.

பயிற்சி: "அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையே சிறந்த கட்டுரையாகும்." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? மேலேயுள்ள ஒரு தரவையும் சுக்கர்மனின் உதாரணத்தையும் பயன்படுத்தி 10 வரிகளில் எழுதுக.